வடிவு மதினியின் பத்தியம்

மே 4, 1953. திங்கள்

கத்திரி இன்று ஆரம்பம். காலை ஏழு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துறைமுகத்து நிலக்கரித் தூள் வேறு. துவைத்த சேலையை உதறினால் கறுப்பு.

வேலைகள்: மிளகாய் வற்றலைத் திருப்பிப் போடுவது. நூலகப் புத்தகம் இரண்டு (ஒன்று கெடு தாண்டிவிட்டது). மதினிக்கு மாத்திரை, காலை மாலை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வடிவு மதினி இந்த ராயபுரம் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். கழுத்து வீக்கம் (கழலை) கண்ணில் பட்டு ஒரு வருஷம். டாக்டரம்மா மாத்திரை கொடுக்கத் தொடங்கி ஐந்து மாதம். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி, அது அளவுக்கு மேல் வேலை செய்கிறதாம். அதனால்தான் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எந்நேரமும் பசி, எவ்வளவு தின்றாலும் மெலிவு.

போன வாரம் டாக்டரம்மா சொன்னது: ஜூனில் அறுவை. ஆனால் அதற்குள் எடை தொண்ணூறு ராத்தலாவது (பவுண்டு) ஏற வேண்டும், நாடி தொண்ணூறுக்குக் கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி வைத்தால் இதயம் தாங்காது. கத்தி வைக்காமல் விட்டாலும் இதயம் தாங்காது. இதைக் கேட்கும்போது மதினி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி யாரோ பேசுவது மாதிரி.

இப்போது எடை 84.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பத்தியம் என்னம்மா?" டாக்டரம்மா: "பத்தியமே இல்லை. எல்லாம் சாப்பிடலாம்." மாடிப்படி இறங்கும்போதே அம்மா தொடங்கிவிட்டாள். "பத்தியம் சொல்லத் தெரியாதவ என்ன டாக்டரு? மருந்துன்னு ஒண்ணு உண்டும்னா பத்தியம் இல்லாமலா இருக்கும்? சின்னப் பொண்ணு, மறந்துட்டா."

டாக்டரம்மா மறந்ததை அம்மாவே போட்டுவிட்டாள்:

மீன் கூடாது (சூடு).
உப்பு பாதி (உப்பு கழுத்தில் நீர் கோர்க்கும்).
தேங்காய், புளி, வாழைக்காய் கூடாது.
முட்டை கூடவே கூடாது.
ஒரு வேளைக்கு ஒரு கரண்டி சோறு. பசி என்றால் சுக்குத் தண்ணீர். ஏனென்றால் அந்தப் பசி மதினியுடையது இல்லையாம், கழலையுடையதாம். சோறு போட்டால் கழலைதான் தின்று வளருமாம்.

ஊரில் ரேஷன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் இன்னும் ரேஷன்.


மே 6, புதன்

காற்றே இல்லை. மதினி ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமைத்தாள். எங்களுக்கு வஞ்சிரக் குழம்பு, அவளுக்குக் கஞ்சி. தான் வாயில் வைக்கக் கூடாத குழம்பை இவ்வளவு ருசியாக எப்படி வைக்கிறாள்? கேட்டேன். உப்பு சரியா என்பதை ஆவி மோந்தே சொல்லிவிடுவாளாம். "மூக்குக்குப் பத்தியம் போடலைலா இன்னும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன்.

அங்கே மீன் கூடையோடு கன்னியம்மா. மதினியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சின்னம்மா, உங்கண்ணி வெயில்ல காஞ்ச நெத்திலியாட்டம் கீது? துன்றதுக்கு இன்னாதான் குடுக்கிறீங்க?"

அம்மா உள்ளேயிருந்து: "அவளுக்குப் பத்தியம்."

"அய்ய! உன் பெரிய பொண்ணு பிரசவத்துக்கு எங்கைல பால்சுறா கேட்டு வாங்கினியே, அப்போ மீனுதான் பத்தியம்ன. இப்போ மீனு வெசமாயிடுச்சா?"

"அது வேற, இது வேற."

"அத்த மீனாண்ட சொல்லும்மா. அதுக்கு இன்னா தெரியும், யாருக்குக் கொழந்த யாருக்குக் கழலன்னு."

அம்மா கதவைச் சாத்தினாள். ஆனால் மீனை வாங்கிக்கொண்டுதான்.

சாயங்காலம் நூலகம். தடிமனான ஆங்கில மருத்துவ நூல் ஒன்று. கழலை பற்றி நான்கு பக்கம். மலை நாடுகளில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் போதாமல் கழுத்து வீங்குகிறது. கடல் மீனிலும் பாசியிலும் அயோடின் நிறைய. மூன்று பக்கம் முடித்ததுமே மூடும் மணி அடித்துவிட்டார்கள். பரவாயில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் வீடு, மருந்து அலையடித்துக்கொண்டு கிடக்கிறது, நாங்கள் சுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!


மே 7, வியாழன்

கன்னியம்மாவிடம் தனியாகக் கேட்டேன், துறைமுகச் சுவர்ப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசி கொஞ்சம் வேண்டும் என்று.

"பாசியா? அத மீனே மோந்து பாத்துட்டு அப்பால போயிடும். எதுக்கு?"

"படிப்புக்கு."

"படிச்சவங்க வூட்டு பேஜாரு தனி பேஜாரு."


மே 9, சனி

பாசி வந்தது, ஒரு முறம் நிறைய. அலசி, மாடியில் மிளகாய்க்குப் பின்னால் காயவைத்தேன். ஒரே பகலில் சருகு. அம்மா தூங்கியபின் சின்ன உரலில் இடித்துப் பொடி. மதினியின் புளியில்லா ரசத்தில் மட்டும் அரைக் கரண்டி. இன்று முதல் தினமும். யாருக்கும் சொல்லப்போவதில்லை. எடை ஏறியபின் சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளுக்குள் ஒரு பெருமை. மறைப்பானேன், இது என் நோட்டுதானே.

பிற்பகல் மதினி ஊசியில் நூல் கோர்த்ததைப் பார்த்தேன். கை நடுங்குவதால் ஊசியைப் பிடிப்பதில்லை. தலையணையில் குத்தி நிறுத்திவிட்டு, இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, மூச்சை அடக்கி, நூலை மட்டும் கொண்டுபோகிறாள். நாலாவது தடவை நுழைந்தது. "ஊசி நவுந்துட்டே இருக்குளா தங்கம், என் மேல தப்பில்ல." பிறகு அண்ணனின் சட்டைக்கு மூன்று பித்தான் தைத்தாள். நான் எத்தனையோ தைரியசாலிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒருவரும் பித்தான் தைக்கவில்லை.


மே 13, புதன்

அனல். பார்க்க வந்தவர்கள் இன்று மட்டும் நான்கு பேர். காதில் விழுந்தவை:

"முட்டைக்கோசு தின்னா கழுத்தும் கோசு மாதிரியே ஆயிரும்." (அடுத்த தெரு சித்தி. சித்தியின் கணக்கில் உருண்டையான எதுவும் ஆகாது. கோஸ், வெங்காயம், முட்டை, லட்டு.)

"பச்சை முள்ளங்கிச் சாறு ஒரு மண்டலம். தானா உருகும்."

"முள்ளங்கியா? அதுதான் வீங்கவைக்கும்!"

"தலைக்கு உயரம் வைக்காம படுக்கணும்."

மதினி எல்லோருக்கும் மோர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் "சரி சித்தி", "சரி அக்கா" என்றாள். போனபின் என்னிடம்: "எல்லாரும் சொல்லுததையும் சேத்து விட்டுட்டா மிச்சம் காத்துதான் இருக்கு. அதுவும் இன்னைக்கு வீசலை."

மாலை, கீழே எங்கள் மளிகைக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் அண்ணன் அவளை நிறுத்தான். 82. அண்ணன் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான், மிளகாய்க்காரன் ஏமாற்றிவிட்ட மாதிரி. அம்மாவுக்கு ஆறுதல். "பாத்தியா, கழலை வத்துது."




மே 15, வெள்ளி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

காலை பத்து மணி. கிடங்கில் பொட்டுக்கடலை மூட்டைக்குப் பின்னால் மதினி நின்று தின்றுகொண்டிருந்தாள். அம்மா பார்த்துவிட்டாள். நான் அம்மாவுக்குப் பின்னால். மதினி ஒளிக்கவில்லை. கையைத் திறந்து காட்டினாள்.

"பசிக்குது அத்தை. கழலைக்கு இல்ல. எனக்கு."

அம்மா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம், ஊரில். இதே மாதிரி கழுத்து. இதே மாதிரி பசி. கேட்டதையெல்லாம் அம்மாதான் ஆக்கிப் போட்டாளாம். முட்டை, மீன், எல்லாம். ஒரு கார்த்திகை மாதம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். "நான் போட்டுப் போட்டுத்தான் கொன்னேன். உன்னையும் கொல்லவா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு சொந்தச் சித்தி இருந்த செய்தியே தெரியாது.

மதினி கையிலிருந்த கடலையை அம்மாவின் மடியில் கொட்டினாள். கோபமாக இல்லை, திருப்பிக் கொடுப்பதுபோல். பிற்பாடு நான் பொரிந்து தள்ளினேன்: நீங்கள் எதிர்த்துப் பேச வேண்டும், டாக்டரம்மா சொல்லியிருக்கிறாளே, இது உங்கள் உயிர். அவள் சொன்னது: "அத்தைக்குப் பயம்ளா. பயந்தவகிட்ட சண்டை போட்டா ரெண்டு மடங்கு பயப்படுவாக. வேற வழி இருக்கும்."

எனக்குத் தோன்றாத வாக்கியம். எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாதது.


மே 18, திங்கள்

ஆஸ்பத்திரி. போன மாதம் டிராம் நின்றதிலிருந்து பஸ்ஸில் ஏறுவதே ஒரு வித்தை. அம்மா, மதினி, நான். மதினி வழியில் இரண்டு தரம் உட்கார்ந்தாள்.

எடை 81. நாடி 116. போன தடவை 104.

அம்மாவை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு விவரத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு, டாக்டரம்மா கேட்டாள்: "மாத்திரையை விட்டுட்டீங்களா?" இல்லை. "வேற மருந்து? இருமல் மருந்து, டானிக், நாட்டு மருந்து?" இல்லை. "பட்டினியால எடை குறையும். நாடி ஏன் இப்படி ஏறுது? இப்படி இருந்தா ஜூன்ல கிடையாது. எப்போன்னும் என்னால சொல்ல முடியாது."

 சொன்னேன். நூலகம், மலை நாடு, பாறை, உரல், ரசம். எல்லாம்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "அது அயோடின் குறைஞ்சு வீங்கற கழலை. இவங்களுது அது இல்லை. ஏற்கெனவே தறிகெட்டு எரியற அடுப்பு. அதுல நீங்க தினம் விறகு போட்டிருக்கீங்க. என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ."

"தெரியுது."

மீன் வேறு, பாசிப் பொடி வேறு என்றாள். மீன் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். பொடி மருந்து, அதுவும் அளவு தெரியாத மருந்து. கோஸைப் பற்றியும் கேட்டேன், இனி மானம் போக மிச்சமில்லை என்பதால். "கோஸே கதின்னு கிடக்கிற முயலா இருந்தா யோசிக்கலாம். மனுஷங்க சாப்பிடற கோஸுக்கு ஒண்ணும் ஆகாது. எந்தச் சாப்பாட்டாலயும் இது வரலை, எந்தச் சாப்பாட்டாலயும் போகாது. ஆனா சாப்பாடு இல்லாம ஆபரேஷன் மேஜை வரைக்கும் வர முடியாது."

மதினியின் முகத்தைப் பார்க்கவே பயம். அவள்: "எனக்குத் தெரியும்லா. மொத நாளே ரசத்துல துறைமுகம் மணத்துச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"எல்லாரும் எலையிலருந்து எடுத்தாக. நீ ஒருத்திதான் போட்ட. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை."

அழுதேன். டாக்டரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் மதினி அந்தக் காரியத்தைச் செய்தாள். நாற்காலியை முன்னுக்கு இழுத்து, "டாக்டரம்மா, எங்க அத்தைக்குப் பத்தியம் வேணும். நீங்க எல்லாம் சாப்பிடலாம்னு சொன்னா அவுகளுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லாத மாதிரி. சாப்பிடணும்கிறதையே பத்தியமா எழுதிக் குடுங்க. மணி போட்டு. தவறினா ஆவாதுன்னு."

"நேராவே சொல்றேனே அவங்ககிட்ட."

"சொல்லுங்க. ஆனா எழுதியும் குடுங்க. முத்திரை வேணும். முத்திரை இல்லாட்டா நம்ப மாட்டாக."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். முழுத்தாளில் எழுதினாள். தலைப்பு: பத்தியம். "தலைப்பு மட்டும்தான் பொய்."

"பொய் என்னத்துக்கு? நேரம் தவறாம சாப்பிடுததும் பத்தியந்தான."

பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டாள். தங்கை விஷயத்தை மதினிதான் முந்தி எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு: "உங்க தங்கச்சியைச் சோறு கொல்லலைம்மா. அந்தச் சுரப்பி இதயத்தை ஓட ஓட விரட்டியிருக்கு. அப்போ மருந்து கிடையாது. நீங்க போட்ட சோத்தாலதான் அத்தனை நாள் இருந்திருப்பாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவின் கை இடுப்பிலேயே. தாளை நாலாய் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.


மே 19, செவ்வாய்

காலை 6. அம்மாவின் குரல்: "தங்கம், அந்தத் தாளை வாசி."

கா. 6: பால், முட்டை இரண்டு. 
கா. 9: இட்லி அல்லது தோசை, நெய்யோடு. 
கா. 11: வாழைப்பழம், மோர்.
ம. 1: சோறு வயிறு நிறைய, மீன் அல்லது பருப்பு, கீரை, உப்பு வழக்கம்போல். 
மா. 4: கடலை, கருப்பட்டி. 
மா. 7: சோறு, பால். 
பகலில் இரண்டு மணி நேரம் படுக்கை. அடுப்படி கூடாது. மனம் நோகும் பேச்சு கூடாது. ஒரு வேளையும் தவறக் கூடாது.

மனம் நோகும் பேச்சு என்ற இடத்தை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

இரண்டாவது முட்டை வேண்டாம் என்றாள் மதினி. அம்மா: "பத்தியம் முறியும். தின்னு."

பாசிப் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன்.


மே 25, திங்கள்

83. அடுப்படி இப்போது எனக்கு. என் வஞ்சிரக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு அண்ணன் மோரை இழுத்துக்கொண்டான். அதுவே எல்லாம் சொல்லிவிட்டது.

கன்னியம்மா வாசலில்: "இன்னாமா, இப்போ தெனிக்கும் மீனு கேக்கற?" அம்மா, தலை நிமிராமல்: "டாக்டரம்மா பத்தியம்." கன்னியம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சங்கராவைக் கூடுதலாகப் போட்டாள். "அண்ணிக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு."


ஜூன் 2, செவ்வாய்

முதல் மழை, பத்து நிமிஷம். மண் வாசனையும் நிலக்கரி வாசனையும் சேர்ந்து.

நூலகத்துக்குப் போய் நான்காவது பக்கத்தைப் படித்தேன். எல்லாம் அங்கேயே இருந்தது. அளவுக்கு மேல் வேலை செய்யும் வகை, அதன் அடையாளங்கள், மதினியைப் பார்த்து எழுதின மாதிரி. ஒரு பக்கம். அன்று மணி அடித்தது, எழுந்து வந்துவிட்டேன், மறுநாள் போகவும் தோன்றவில்லை. அம்மா ஒரு சாவைப் பார்த்துப் பயந்தாள். நான் எதைப் பார்த்தும் பயப்படவில்லை. யார் செய்தது மோசம் என்று எனக்குத் தெரியும்.

சித்தி வந்தாள். முட்டையைப் பார்த்து, "ஐயையோ, உருண்டை!" அம்மா: "அது உன் வீட்டுப் பத்தியம். இது ஆஸ்பத்திரிப் பத்தியம், முத்திரை இருக்கு. மனசு நோகுற பேச்சு கூடாதுன்னு போட்டிருக்கு. மோரைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடினாள்! ஒரு மாதத்துக்கு முன் இரண்டு படி ஏறினால் உட்காருவாள்.

87.


ஜூன் 12, வெள்ளி

91. நாடி 86. டாக்டரம்மா இரண்டையும் தானே இரண்டாம் முறை பார்த்தாள். அறுவை 23ஆம் தேதி. இன்று முதல் ஆஸ்பத்திரியிலேயே படுக்கை.

பாலில் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். பழுப்பு நிறம். என்ன என்று கேட்டேன். அயோடின்!

என் முகத்தைப் பார்த்து டாக்டரம்மா: "ஆமா, அதேதான். மாத்திரையால சுரப்பியை அடக்கினப்புறம், கத்திக்கு முன்னால பத்துப் பதினஞ்சு நாள் மட்டும், சொட்டு எண்ணி. ரத்தப்போக்கு குறையும். அதைத் தாண்டினா வேலை வேற மாதிரி ஆகும். உரல்ல இடிச்சு எண்ண முடியாது இல்லையா?"

மதினி: "திட்டாதீங்க டாக்டரம்மா. நாளு மட்டும்தான் தப்பு அவளுக்கு."

அவள் என்னை விட்டுக்கொடுத்ததே இல்லை. இந்த ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூட.


ஜூன் 22, திங்கள்

அண்ணன் கையெழுத்துப் போட்டான். குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறதாம். பட்டுவிட்டால் குரல் போகலாம், திரும்பாமலும் போகலாம். அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். மதினி: "போடுங்க. இத்தனை வருசம் பேசுனதுல எதையாவது கேட்டியளா?" அண்ணன் சிரிக்க முயன்றான்.

சாயங்காலத்துக்குப் பின் அவளுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. அம்மா இரண்டு தரம் நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். வீட்டுக்கு வந்து நான் சோறு போட்டேன். அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். சுக்குத் தண்ணீரும் வேண்டாமாம்.


ஜூன் 23, செவ்வாய்

மேகம். புழுக்கம்.

8 மணிக்குத் தள்ளுவண்டி. போகும்போது மதினி என் விரலைப் பிடித்து அமுக்கினாள். பேச்சு இல்லை. குரலைச் சேர்த்துவைக்கிறாளோ என்று நினைத்தேன்.

அண்ணன் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். அம்மா பெஞ்சில். காபி வாங்கி வந்தேன், தொடவில்லை.

10.40. டாக்டரம்மா வெளியே வந்தாள், முகமூடியைக் கழற்றாமலே தலையை ஆட்டினாள். முடிந்தது. நல்லபடியாக.

பிற்பகல் 3க்கு உள்ளே விட்டார்கள். கழுத்தில் கட்டு. உதடு வெடித்திருந்தது. பெரிய நர்ஸ் குனிந்து, "உங்க பேர் என்னம்மா? சொல்லுங்க." ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வடிவு."

கரகரப்பு. மெல்லிசு. ஆனால் அவள் குரல், வேறு யாருடையதும் இல்லை. கதவருகே அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், தோள் குலுங்க.

"தண்ணி, அத்தை."

நர்ஸ் ஒரே ஒரு ஸ்பூன் என்றாள், ராத்திரிவரை அவ்வளவுதான். அம்மா ஸ்பூனை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள். மதினி விழுங்கினாள், கண் மூடி, வலித்திருக்க வேண்டும். கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

அம்மா இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள்.